குகைக்குள்ளும் மனசு அடங்கவில்லையே, சாமி?

கேள்வி:

எனக்கு வயது 48. திருச்செந்தூரில் இருக்கிறேன். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். வீட்டில் நானும் என் மாமியாரும்தான். பக்கவாதம் வந்து அத்தை படுக்கையில் விழுந்து நான்கு வருஷம் ஆகிறது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஆண்டவர் புண்ணியத்தில் இதுவரை முதுகில் புண் வரவில்லை.

போன தவக்காலத்தில் என் நாத்தனார் ஒரு நாள் வந்து அத்தையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் தனியாக பஸ் ஏறி மணப்பாட்டுக்குப் போனேன். சின்ன வயதில் அம்மா கூட்டிப்போனபோது சவேரியார் குகைக்குள் உடம்பே சிலிர்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. அத்தைக்கு மாத்திரை கொடுத்தார்களா, வாய் துடைத்துவிட்டார்களா என்றே மனசு ஓடியது. செபமாலையில் இரண்டு பத்துமணிகூடச் சொல்லி முடிக்கவில்லை. என் விசுவாசம் வற்றிப்போய்விட்டதா?

பக்கத்து வீட்டு அக்கா சஷ்டிக்கு ஆறு நாளும் கோயிலிலேயே தங்கி விரதம் இருக்கிறார்கள். அவ்வளவு கூட்டத்திலும் இருந்துவிட்டுத் தெளிந்த முகத்தோடு திரும்புகிறார்கள். எனக்குத் தனியாகப் போயும் அது கிடைக்கவில்லை. எங்கள் அன்பியச் செபக் கூட்டத்தில் ஒருவர், "தனியாப் போயி செபிக்கிறது நம்ம முறையே இல்ல, ரெண்டு மூணு பேரு கூடுற இடத்துலதான் ஆண்டவர் இருக்காரு" என்று சொன்னார். அதுவும் மனசில் கிடந்து உறுத்துகிறது.

இன்னொன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலைமேல் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குத் திரும்பவே பிடிக்கவில்லை. இப்படி நினைத்தவள் இனி செபிக்கத் தகுதியுள்ளவளா, சாமி?

— ஒரு வாசகி, திருச்செந்தூர்

பதில்:

சகோதரி, வெட்கப்பட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பப் பிடிக்கவில்லை என்று தோன்றியது பாவம் இல்லை. அது களைப்பு. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வைத்துவிடும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நான்கு வருஷமாக அத்தைக்குப் புண் வரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்கு வருஷமாக ஓர் இரவுகூட நீங்கள் முழுசாகத் தூங்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படிப்பட்ட உடம்பு ஒரு பகல் முழுக்கக் கடல் காற்றில் நின்றால், இங்கேயே இருந்துவிடலாமா என்றுதான் கேட்கும். கேட்ட பிறகும் நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தீர்கள், அன்று இரவும் அத்தையைப் புரட்டிப் படுக்க வைத்தீர்கள். தகுதியைப் பற்றி இனி யாரிடமும் கேட்காதீர்கள்.

அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கார்மேல் மலையில் அத்தனை பேர் முன்னால் வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்த அதே மனிதர். வானதூதர் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, உன் விசுவாசம் எங்கே என்றும் கேட்கவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறார். தூதர் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடத்தான் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஓரேபு மலை, குகை, காற்று, நிலநடுக்கம், தீ, கடைசியில் அந்த மெல்லிய ஒலி. குகை அனுபவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற நாங்கள் பெரும்பாலும் அப்பத்தையும் தூக்கத்தையும் தாண்டிப் போய்விடுகிறோம். நீங்கள் வெறும் வயிற்றோடும் தூங்காத கண்ணோடும் போய் மெல்லிய ஒலியைக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி மணப்பாட்டுக்கு வருவோம்.

நீங்கள் உட்கார்ந்த குகையைப் பற்றி நம் மனசில் ஒரு படம் உண்டு. அலை ஓசை, இருட்டு, தனியே முழந்தாளிட்டிருக்கும் சவேரியார். படத்தில் தவறு இல்லை. அவர் அங்கே செபித்தார், தங்கினார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. அவருக்கு முன்னால் சைவத் துறவிகள் தவம் இருந்த இடம் அது என்றும் ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்தப் படம் மட்டும் போதாது. சவேரியாரே எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பியிருப்பது தனிமை இல்லை. ஆட்களும் வேலையும் சண்டையும் நோயும்தான்.

1542 அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அந்த மாதம் 28ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து தம் வழிகாட்டி இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் சிறுபிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். ஏதாவது ஒரு செபம் கற்றுக்கொடுத்தால்தான் விடுவோம் என்று பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்களாம். கட்டளைச் செபம் சொல்லவும் விடுவதில்லை, சாப்பிடவும் விடுவதில்லை, தூங்கவும் விடுவதில்லை. நீங்கள் செபமாலையில் இரண்டு பத்துமணியை முடிக்க முடியாமல் தவித்தீர்களே, குருவானவர் தவறாமல் சொல்ல வேண்டிய அன்றாடச் செபத்தையே சொல்ல முடியாமல் அவர் நின்றது இதே கரையில்தான். பிள்ளைகளை விரட்டிவிட்டு அவர் குகையைத் தேடி ஓடவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

1544-இல் அவர் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் பல மணப்பாட்டிலிருந்து எழுதியவை. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆலந்தலையிலிருந்தும், திருச்செந்தூரிலிருந்தும்கூட எழுதியவை உண்டு. அந்த ஜூன் மாதம் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. சனங்கள் கடலுக்குள் இருக்கிற பாறைகளில் போய் ஒதுங்கினார்கள். பசியாலும் தாகத்தாலும் அங்கேயே சிலர் செத்தார்கள். சவேரியார் மணப்பாட்டில் 20 தோணிகளில் சாப்பாட்டுப் பொருளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தது. நாள்கணக்கில் கடலில் போராடியும் போய்ச் சேர முடியவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பி வந்து, பிறகு தரை வழியாகப் போனார். உங்கள் கணவர் கடலில் இருப்பவர். எதிர்க்காற்றில் தோணி என்ன பாடுபடும் என்று கேட்டால் சொல்வார். இப்படிப்பட்ட நாள்களுக்கு நடுவில்தான் அந்தக் குகையில் அவருக்குச் சில மணி நேரம் கிடைத்திருக்கும். பாறையில் பசித்துக் கிடந்தவர்களின் நினைப்பு இல்லாமல் அவர் அங்கே செபித்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

எனக்கு இன்னும் நெருக்கமான கடிதம் அந்த ஆகஸ்டு மாதத்தில் எழுதியது. அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷி நோயில் விழுந்து மணப்பாட்டில் கிடந்தார். சுற்றிலும் சனங்கள். அவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது அவருக்குப் புரியாது. இந்த நிலையில் நான் என்ன பிரசங்கம் செய்வேன், நீரே நினைத்துப் பாரும் என்கிற பொருளில் மன்சிலாசுக்கு எழுதுகிறார். பாரிசில் படித்துப் பட்டம் வாங்கிப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவ்வளவு படித்தவர் ஊர் நடுவில் வாயடைத்து நிற்கிறார். அடுத்து அவர் எழுதுவதுதான் முக்கியம். பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன், அதற்குத் துபாஷி வேண்டாம் என்கிறார்.

தன்னால் முடிந்த ஒன்று அன்று அவருக்கு மிச்சம் இருந்தது. அதைச் செய்தார். அத்தைக்கு வாய் துடைத்துவிடுவதற்கும் துபாஷி வேண்டாம், சகோதரி. பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சு குழறும். நீங்கள் இரண்டு பேரும் நான்கு வருஷமாகப் பாதிப் பேச்சிலும் சைகையிலும்தான் வாழ்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீட்டில் நீங்கள் தனியாகவும் இருக்கிறீர்கள், ஒரு நிமிஷம் தனியே இருக்கவும் வழியில்லை. சவேரியாரின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். ஆகவே மணப்பாட்டுக்குப் போகும்போது, அமைதியாகத் தவம் செய்த ஒரு புனிதரைப் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துப் போகாதீர்கள். உங்களைப்போலத் தூக்கம் கெட்ட ஒருவர் உட்கார்ந்து எழுந்த இடத்துக்குப் போகிறீர்கள்.

விசுவாசம் வற்றிவிட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. வற்றியிருந்தால் இந்தக் கேள்வி உங்களை இப்படிச் சுட்டிருக்காது. உணர்ச்சி வற்றியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் நல்லவர்கள் பலர் செபத்தையே விட்டுவிடுகிறார்கள். தியானம் கொடுக்கும் இடங்களில் நான் அதிகம் பார்த்த துயரம் இதுதான்.

சவேரியாருக்கு வழிகாட்டிய இஞ்ஞாசியாரும் ஒரு குகையில் இருந்தவர்தான். 1522-இல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில். அங்கே அவருக்கு வெளிச்சம் கிடைத்தது என்று மட்டும் சொல்லி முடிப்பார்கள். அதற்கு முன்னால் அவர் பட்ட மன வேதனை சாதாரணமானது இல்லை. செய்த பாவங்களைச் சரியாக அறிக்கையிட்டேனா என்ற சந்தேகம் அரித்து அரித்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரை போனது. அதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த அனுபவத்திலிருந்துதான் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூல் உருவானது. 1534-இல் பாரிசில் சவேரியார் ஒரு மாதம் தனித்திருந்து செய்தது அந்தப் பயிற்சியைத்தான். அதில் வறட்சிக் காலத்துக்கென்று சில விதிகள் உண்டு. உங்களுக்கு இரண்டு போதும். முதலாவது, வறட்சியில் இருக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. இனி மணப்பாட்டுக்குப் போக மாட்டேன், இனி செபமாலை சொல்லிப் பயனில்லை என்கிற தீர்மானங்களை இப்போது எடுக்கக் கூடாது. இரண்டாவது, குறித்த நேரத்தைக் குறைக்காதே, முடிந்தால் சற்றே கூட்டு. அரை மணி நேரம் என்று உட்கார்ந்தால், ஒன்றும் தோன்றாவிட்டாலும் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு எழுந்திருங்கள். வேறு எதையும் சாதிக்க வேண்டியதில்லை.

அன்னை தெரேசா ஏறத்தாழ ஐம்பது வருஷம் உள்ளுக்குள் இருட்டையே அனுபவித்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் அச்சில் வந்தபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த ஐம்பது வருஷமும் அவர் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிக் கழுவிக்கொண்டுதான் இருந்தார். அவரை 2016-இல் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இந்த இருட்டை முழுதாக அறிந்தே அறிவித்தது.

சின்ன வயதில் வந்த சிலிர்ப்பு பொய் இல்லை. அது அந்த வயதுக்கு ஆண்டவர் கொடுத்தது. அப்போது வீட்டுப் பாரம் அம்மாவின் தலையில் இருந்தது. அதே குகையில் அன்று அம்மாவின் மனசு எங்கே ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தனியாகப் போய்ச் செபிப்பது நம் முறை இல்லை என்று சொன்னவருக்கு ஒரு பதில். அவர் சொன்ன வசனம் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு வேண்டச் சொன்னதும் அதே மத்தேயுதான், 6ஆம் அதிகாரம். இரண்டையும் சொன்ன வாய் ஒன்றே. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு விடியலுக்கு முன்னால் எழுந்து தனிமையான இடத்துக்குப் போகிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். அங்கேயே இருந்துவிடாமல் இயேசுவும் எழுந்து, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்புகிறார். ஓரேபுக் குகையில் எலியாவுக்குக் கிடைத்ததும் திரும்பிப் போ என்ற கட்டளைதான். இன்னாருக்கு எண்ணெய் வார்த்து அரசனாக்கு, எலிசாவை உனக்குப் பதிலாக ஏற்படுத்து என்று ஆண்டவர் கையில் ஒரு வேலைப்பட்டியலே கொடுத்து அனுப்புகிறார். பதிலுக்கு ஆள் ஏற்படுத்து என்றதைக் கவனியுங்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் தெளிந்த முகத்தைப் பார்த்து ஏங்க வேண்டாம், சந்தோஷப்படுங்கள். சவேரியார் தம் காலத்தில் இந்துக் கோயில்களையும் அர்ச்சகர்களையும் பற்றி எழுதியவை கடுமையானவை. அந்தக் கண்ணோடு அந்த அக்காவைப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கிற எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அக்கா கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். நீங்கள் மணப்பாட்டுக் குகைக் கிணற்றுத் தண்ணீரைக் கையில் வாங்கிக் குடிப்பீர்கள். உப்புக் கடலை ஒட்டியே இரண்டும் நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழை கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்பதால் இந்தக் கரையோரத்தில் அப்படி ஊறுகிறது. இரண்டு கிணற்றுக்கும் வானத்திலிருந்து வந்த தண்ணீர் ஒன்றுதான்.

ஆனால் அக்காவிடம் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆறு நாளும் அவர் வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள்? மகளோ மருமகளோ கொழுந்தன் மனைவியோ யாரோ பொறுப்பெடுத்திருப்பார்கள். சஷ்டி விரதம் என்றால் அந்த ஆறு நாளும் அவரை ஒருவரும் அடுப்படிக்குக் கூப்பிட மாட்டார்கள். சூரசம்ஹாரம் முடிந்து திருக்கல்யாணம் பார்த்துவிட்டு அவர் வரும் வரை வீடு பொறுத்துக்கொள்ளும். உவரி அந்தோணியார் கோயிலில் நாள்கணக்கில் தங்குகிறவர்களுக்கும் இப்படித்தான். உங்களுக்கோ நான்கு வருஷத்தில் ஒரு பகல். நாத்தனார் பழக்கமில்லாமல் தடுமாறுவாரோ என்கிற கவலையோடு கிடைத்த ஒரு பகல். அக்காவின் தெளிவுக்கும் உங்கள் தவிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

மறுபடியும் போங்கள். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவை ஒட்டிய நாள்கள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். சாதாரண வார நாள் காலையில் போங்கள். வீட்டில் இட்லியோ பழைய சோறோ வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள், உபவாசம் வேண்டாம். ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் தாண்டிப் போகிற அந்தக் கரையோர வழியில் செபம் சொல்ல வேண்டுமென்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போங்கள். போனை அணைத்து வைக்காதீர்கள், அவசரம் என்றால் மட்டும் கூப்பிடச் சொல்லிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மணி அடிக்கவில்லை என்றால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உங்கள் மனசுக்குத் தெரியும். மலையேறி முதலில் திருச்சிலுவைக் கோயிலுக்குள் போய் உட்காருங்கள். 1581-இல் கட்டிய கோயில் அது. புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பல் தலைவர் ஒருவர், முறிந்த பாய்மரத்திலிருந்து சிலுவை செய்து அந்த மணல்மேட்டில் நட்டார் என்று சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கடலில் கணவரை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெண் உட்கார வேண்டிய இடம்தான். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆண்டவர் முன்னால் தூங்கிப்போனவர்களில் சீடர்களே உண்டு.

பிறகு குகைக்கு இறங்குங்கள். அத்தைக்கு மாத்திரை கொடுத்தார்களா என்ற நினைப்பு வந்தால் விரட்டாதீர்கள். அதையே வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆண்டவரே, அத்தைக்கு மாத்திரை கொடுத்திருப்பார்களா, தெரியவில்லை. அடுத்த நினைப்பு வந்தால் அதையும் சொல்லுங்கள். அது பராக்கு இல்லை, உங்கள் செபமே அதுதான். நான்கு வருஷமாக நீங்கள் தாங்குகிற ஆள் அவர். அவரை வாசலில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போக முடியாது, போகவும் வேண்டாம். பைபிள் கொண்டுபோனால் திருப்பாடல் 88-ஐ மட்டும் படியுங்கள். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையின் பக்கம் திரும்பிவிடும். இந்தப் பாடல் திரும்பாது, இருட்டிலேயே முடியும். அப்படி ஒரு செபத்தையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். உங்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திரும்பப் பிடிக்கவில்லை என்ற நினைப்பு அன்றோடு போய்விட்டதென்றால் சரி. அது வாரக்கணக்கில் கூடவே இருந்தால், காரணம் இல்லாமல் அழுகை வந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழ்ந்து என்ன என்று ஒரு தடவை தோன்றினாலும், செபத்தோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இலவசமாகக் கிடைக்கும், தமிழில் பேசலாம். 104-க்கும் கூப்பிடலாம். இது விசுவாசக் குறைவு இல்லை. வானதூதர் அப்பம் கொண்டுவந்தார் என்றால் இன்று அவர் எந்த வடிவத்திலும் வரலாம். அத்தைக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற உதவியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும், இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அத்தையின் பெயரைப் பதிந்துவிடுங்கள். மணப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

பதிலுக்கு ஆள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். இது உங்களுக்கு மட்டும் இல்லை, இந்தப் பக்கத்தைப் படிக்கிற எல்லாருக்கும்.

1544 ஜனவரி 15-இல் சவேரியார் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து போவதை எழுதியது அதில்தான். அதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. ஊர் ஊராக நோயாளிகள் வீட்டிலிருந்து, வந்து செபியுங்கள் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியவில்லை. முடியாது என்று ஒப்புக்கொண்டார். தம்மிடம் செபம் கற்றுக்கொண்ட சிறுபிள்ளைகளை அந்த வீடுகளுக்குத் தமக்குப் பதிலாக அனுப்பினார். நம் கரையில் நோயாளி வீட்டுக்கு இப்படிப் போன முதல் குழு அந்தப் பிள்ளைகள்தான் என்று சொல்வேன்.

அன்பியங்கள் இருப்பது எதற்கு? வாரம் ஒரு வீட்டில் கூடுகிறோம், வசனம் வாசிக்கிறோம், பாட்டுப் பாடுகிறோம், சுண்டலோ தேநீரோ கொடுக்கிறோம். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் நான்கு வருஷமாக ஒரு பெண் ஒரே ஒரு பகல் வெளியே போகிறாள், அதற்கும் நாத்தனார் வரவேண்டியிருக்கிறது என்றால், இரண்டு மூன்று பேர் கூடும் இடத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்று அவளிடம் வசனம் சொல்லிக்காட்ட நமக்கு வாய் வரக் கூடாது. அந்த இரண்டு மூன்று பேர் அவள் வீட்டில் போய்க் கூட வேண்டும், அவளை அனுப்பிவைத்துவிட்டு.

சகோதரி, உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் பங்குச்சாமியிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பேசிக்கொள்வார். அத்தையை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சியை எவ்வளவு இளக்கமாகக் கரைப்பது என்று இரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். மாதத்தில் ஒரு பகல் போதும் என்று கேளுங்கள். கேட்பது குறைச்சல் இல்லை.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் படுக்கையில் ஒருவர் இருக்கிற வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இரவில் விழித்திருக்கிறவர் யார் என்பதும் தெரியும். வரும் வாரம் அன்பியக் கூட்டத்தில் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, யார் போய் உட்காருவது என்று அப்போதே எழுதிவிட்டு, பிறகு செபத்தைத் தொடங்குங்கள்.